கடைசிப் பக்கம் காரில் இருந்தது

டென்மார்க்கில் இறங்கிய அன்றே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் இல்லாத வேலை. கோப்பன்ஹேகனில் ஒரு பேக்கரி வாசலில், தூறலுக்குள், ஒரு தள்ளுவண்டி நின்றது. உள்ளே மூக்கு மட்டும் தெரிய ஒரு குழந்தை. பக்கத்தில் ஈ காக்கை இல்லை. மதராஸில் கடை வாசலில் குடையை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது அது இன்னொருவர் தலைக்கு மேல் இருக்கும். இங்கே பிள்ளையையே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. சேலையும் அதற்கு மேல் என் கணவரின் பழைய கோட்டுமாக அந்த வண்டிக்குக் காவல் நின்றேன்.

தாய் ஆற அமரப் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். அந்தத் தெருவிலேயே சந்தேகப்பட வேண்டிய ஆள் நான்தான் என்று அவள் முடிவுக்கு வந்தது முகத்தில் தெரிந்தது. நான் சிரித்துவைத்தேன். அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டு வண்டியைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளிக்கொண்டு போனாள். பிறகு பார்த்தால் ஒவ்வொரு காப்பிக்கடை வாசலிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் காற்று வாங்கிக்கொண்டு கிடந்தன. குளிர்காற்று உடம்புக்கு நல்லதாம். அத்தனைக்கும் காவல் நிற்க என்னால் முடியாது என்று விட்டுவிட்டேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி மதராஸுக்குப் போய், அங்கே ஒரு கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவள். என் தம்பி சிவா அப்போது டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்ற ஊரில் இருந்தான். நான் வந்த காரியம் அவனுடைய புது வீட்டை ஒழுங்குபடுத்துவது. அவனுடைய மனைவியும் மகனும் அடுத்த மாதம் வருவதாக இருந்தார்கள். அவன் ஓடி வரும்போது கைக்குழந்தையாக இருந்த மகன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். திரைச்சீலை இல்லாத வீட்டுக்கு மனைவியைக் கூட்டிவரக் கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். திரைச்சீலை என்றதும் அவனுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது.

மனைவி வருவதற்கு ஏன் இத்தனை வருஷம் என்று கேட்டால் அது நாடறிந்த விஷயம். அகதிகளாக ஏற்கப்பட்ட தமிழர்கள் தங்கள் குடும்பத்தைக் கூப்பிடச் சட்டத்தில் இடம் இருந்தது. விண்ணப்பங்களோ மேலிடத்துச் சொல்லால் அசையாமல் கிடந்தன. பிறகு அது அம்பலத்துக்கு வந்து, கதவு திறந்து, நான் போன வருஷம் விசாரணை நடந்துகொண்டிருந்தது. 'தமிழர் வழக்கு' என்று பத்திரிகைகளில் நாளும் பொழுதும் அடிபட்டது. அதனால் டென்மார்க்கில் எந்த மூலைக்குப் போனாலும் தமிழர் என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே போய் எப்படிப் பேர் எடுத்திருக்கிறோம் பாருங்கள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ரண்டர்ஸ் ரயிலில் எதிரே ஒரு அம்மாள் கம்பளி பின்னிக்கொண்டு வந்தார். "நீங்கள் தமிழரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆம் என்றேன். ஊசிகளை மடியில் வைத்தார். "எங்கள் ஆட்கள் உங்களுக்குச் செய்தது சரியில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது," என்றார். நான் மதராஸிலிருந்து திரைச்சீலை தைக்க வந்தவள், எனக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை. மன்னிப்புக் கேட்டு முடித்து, ஒரு பையிலிருந்து கறுப்பு மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார்.

மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேன், மிட்டாயையும் வாங்கிக்கொண்டேன். மன்னிப்பு நன்றாக இருந்தது. மிட்டாயில் அதிமதுரத்தையும் உப்பையும் கலந்து என்னவோ செய்திருந்தார்கள். சின்ன வயதில் பேதிக்குக் குடித்த கஷாயம் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு வருத்தப்பட்ட மனுஷியின் முன்னால் துப்ப மனம் வரவில்லை. விழுங்கினேன்.

அப்போது நடுவில் இருந்த கடலுக்குப் பாலம் கிடையாது. ரயிலையே கப்பலுக்குள் ஓட்டிவிடுவார்கள். ரயில் கப்பலுக்குள் நுழையும்போது நான் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன். மற்றவர்கள் பத்திரிகையை மடித்துவைத்துவிட்டுச் சாப்பிட மேல்தளத்துக்குக் கிளம்பினார்கள். வாயைக் கழுவவாவது ஒரு காப்பி வேண்டும் என்று நானும் போனேன். டேனிஷ்காரர்களின் காப்பியில் குறை சொல்ல முடியாது. பெரிய ஃபிளாஸ்கில் தாராளமாக, கறுப்பாக, தண்ணீரைப்போல ஊற்றுகிறார்கள். ஒரு மைல் நீளத்துக்கு மீன் வகைகள் இருந்தன. ஒரு கறுத்த ரொட்டித் துண்டின் மேல் பச்சையாக ஊறவைத்த மீனை வைத்து, அதற்கு மேல் வெங்காயம் வைத்து, கத்தியும் முள்கரண்டியும் கொண்டு ஒரு கிழவர் பூஜை செய்வதுபோலச் சாப்பிட்டார். நான் ரொட்டியை மட்டும் கேட்டேன். மீன் இல்லாமல் ரொட்டியா என்று பரிமாறிய பெண் இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

ஒலிபெருக்கி டேனிஷில் என்னவோ சொன்னது. எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். நானும் ஓடி என் ரயிலில் ஏறினேன். என் ரயில் என்று நான் நினைத்த ரயிலில். கப்பலின் வயிற்றுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரயில்கள் நின்றன. டென்மார்க்கில் ரயில் பெட்டிகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கம்பளி அம்மாளைக் காணவில்லையே என்று நான் யோசிக்கத் தொடங்கியபோது ரயில் கரையேறி வெகுதூரம் போயிருந்தது. டிக்கெட் பார்க்க வந்தவர் என் டிக்கெட்டை முன்னும் பின்னும் பார்த்தார். "அம்மா, உங்கள் டிக்கெட் சரியானது. ரயில்தான் தவறு," என்றார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் முட்டாள் என்று சொன்னதில்லை.

என் உடுப்புப் பெட்டி சரியான ரயிலில், சரியான ஊருக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் இருந்தது தோளில் தொங்கிய துணிப்பை மட்டும். அதற்குள் கதைகள்.

அந்தக் கதைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒழிந்த நேரத்தில் நான் பழைய அமெரிக்கச் சிறுகதைகளைத் தமிழாக்கி ஒரு மாத இதழுக்குக் கொடுத்து வந்தேன். பெரிய நகரத்தில் சின்னச் சம்பளத்தில் வாழ்கிறவர்களின் கதைகள். வாடகை அறைக் குமாஸ்தா, துணிக்கடைப் பெண், பூங்காவில் படுத்திருப்பவன், இப்படிப்பட்டவர்கள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்து கடைசிப் பத்தியில் தலைகீழாகும். அந்தக் கடைசிப் பத்திதான் மொழிபெயர்க்கிறவளின் உயிரை வாங்கும். ஒரு சொல் முந்திக்கொண்டால் முடிவு உடைந்துபோகும். இதழில் வந்ததை எல்லாம் தம்பிக்கு அனுப்பிவைப்பேன். இந்த முறை அச்சாகாத ஒன்றையும் கையெழுத்தில் கொண்டுவந்திருந்தேன். தட்டச்சுச் செய்யவில்லை, நகலும் இல்லை.

கோல்டிங் என்ற ஊரில் இறங்கி, ரயில் நிலையத்திலிருந்து தம்பி வீட்டுக்குத் தொலைபேசினேன். எடுத்தது அவனோடு தங்கியிருந்த தேவன்.

"அக்கா, சிவா உங்களைக் கூட்டிவர ஸ்ரேசனுக்குப் போயிட்டான். நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"கோல்டிங்கில."

"அங்க ஏன் போனியள்?"

நான் மிட்டாயிலிருந்து சொல்லத் தொடங்கினேன். "அக்கா, குறை நினைக்காதேங்கோ, இண்டைக்குச் சனிக்கிழமை. லைனை வைச்சிருக்கேலாது. அங்கேயே நில்லுங்கோ, ஆள் வரும்," என்று தேவன் தொலைபேசியை வைத்துவிட்டான். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. சனிக்கிழமை என்றால் அக்காமாரோடு கதைக்கக் கூடாதா?

வந்த ஆளின் பெயர் யோகன். ஒரு பழைய சிவப்புக் கார், மெலிந்த உடம்பு, காதை மூடிய தொப்பி. "நீங்கள்தான் அக்காவா இருக்கோணும். இந்த ஊரில சீலை கட்டினவ வேற ஆரும் இல்லை," என்றார். பிராண்டே என்ற சிறிய ஊரில் காற்றாலைக்கு இறக்கை செய்யும் தொழிற்சாலையில் வேலை. முன்பு ரண்டர்ஸில் தம்பியோடு ஒரே வீட்டில் இருந்தவர். காரும் கையுமாகப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான் என்பதால் தேவன் அவரைப் பிடித்து அனுப்பியிருந்தான்.

யோகன் காரை ஓட்டிய விதத்தைப் பார்த்தால் ஓட்டுநர் பரீட்சை நாளைக்கு என்று நினைக்கத் தோன்றும். பலகையில் என்ன வேகம் போட்டிருக்கிறதோ அதே வேகம். வெறுந்தட்டுப்போலத் தட்டையாகக் கிடந்தது நாடு. வயல், ஒரு வீடு, கொடிக்கம்பம், மறுபடி வயல். முன்னால் ஒரு டிராக்டர் வைக்கோல் பாரத்தோடு ரோட்டில் வந்து ஏறியபோது அவர் அழுத்திய பிரேக்கில் பின்னிருக்கையில் கிடந்த என் பை கவிழ்ந்து தாள்கள் எல்லாம் சிதறின. ரொட்டிக்குள் இறைச்சி சொசேச் வைத்து விற்கிற ஒரு வண்டியைக் கண்டு நிறுத்தச் சொல்லி, இறங்கும்போது தாள்களை அள்ளிப் பைக்குள் திணித்தேன். பசி அப்படி.

சொசேச் குங்குமச் சிவப்பாக, ரொட்டியைவிட நீளமாக இருந்தது. என்ன இறைச்சி என்று கேட்கவில்லை. கேட்டால் சாப்பிட முடியாது. ஒன்றைத் தின்று இன்னொன்றும் வாங்கினேன். யோகன் ஒன்றும் சாப்பிடாமல் காருக்குப் பக்கத்தில் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்காததுபோலக் கையை இறக்கினார்.

திரும்பப் புறப்பட்டதும் நான் கேட்டேன். "சனிக்கிழமை உங்கட வீட்டில என்ன விசேஷம்? தேவன் என்னோட கதைக்கவே இல்லை."

"அதுவா. சனிக்கிழமைதான் அக்கா, ஊரில இருந்து ரெலிபோன் கோல் வாற நாள்," என்றார். ஐந்து பேர் அந்த வீட்டில் இருந்தார்களாம். ஐந்து பேருடைய மனைவிமாரும் ஊரிலும் கொழும்பிலுமாக. எந்த நேரத்தில் யாருக்கு லைன் கிடைக்கும் என்று சொல்ல முடியாததால், சனி பகல் முழுவதும் ஒருவரும் அந்தத் தொலைபேசியைத் தொடக் கூடாது என்று சட்டம். ஐந்து பேரும் சும்மா இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று என் தம்பி ஒரு கதையை எடுத்து உரக்க வாசிப்பானாம். என் கதைகளை.

"கோல் வந்தா ஆளுக்கு முடிவு தப்பிப்போகும்," என்றார் யோகன். "அவன் எழும்பி ஓடிருவான். மத்தவங்களுக்காக வாசிப்பு நிக்காது. மறுகா வந்து என்னட்டத்தான் கேப்பாங்கள், முடிவு என்ன எண்டு." மட்டக்களப்புப் பக்கத்தார் பிறகு என்பதற்கு மறுகா என்பார்கள். "நான்தான் எல்லா முடிவும் கேட்டவன். உங்கட கதையெல்லாம் எனக்குப் பாடம் அக்கா."

நான் உச்சிகுளிர்ந்து போனேன். எல்லா முடிவையும் கேட்ட ஒரு வாசகர். பின்னிருக்கையில் இருந்த பையைத் தட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் பொருள் எனக்குள் இறங்கியது.

"உங்களுக்கு ஒருநாளும் கோல் வரேல்லையா?"

"முன்னம் வந்தது. போன வருசம் திரும்பச் சண்டை தொடங்கினாப்பிறகு இல்லை."

அவருடைய மனைவி பெயர் மலர். மட்டக்களப்புக்குத் தெற்கே கடலோர ஊர். சண்டை மூண்டதும் ஊரே கிளம்பி ஓடியிருக்கிறது. மலரை ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கண்டதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. கடிதங்கள் போன வழியே போயின. அதற்குள் டென்மார்க் கதவைத் திறந்து, மலர் வரலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டது. வரக் கூடாது என்ற காலத்தில் மலருக்கு விலாசம் இருந்தது. வா என்ற காலத்தில் விலாசம் இல்லை. இதை நான் மொழிபெயர்த்திருந்தால் இதழாசிரியர் கொஞ்சம் மிகையாக இருக்கிறதே என்று எழுதியிருப்பார்.

மலருக்குத் தெரிந்தது ரண்டர்ஸ் வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். யோகன் பிராண்டேக்கு வேலைக்குப் போனது அவளுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு சனியும் யோகன் காரை எடுத்துக்கொண்டு ரண்டர்ஸுக்குப் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். பனியிலும் போனாராம். ஒரு தடவை கார் வழுக்கி வயலுக்குள் இறங்கி, ஒரு விவசாயி டிராக்டரால் இழுத்துவிட்டாராம்.

"இனி அந்தக் கரைச்சல் இல்லை," என்றார். "இண்டைக்குத்தான் கடைசிச் சனி. சிவா விபோர்க்கில புது வீட்டுக்குப் போறான், தேவனும் மாறுறான். வீட்டை வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சு. அந்த நம்பரைக் கொண்டுபோகேலாதாம். வாற கிழமை வெட்டிருவாங்கள்."

எனக்குத் தின்ற சொசேச் இரண்டும் நெஞ்சுக்குள் நின்றன. "முதலே சொல்லியிருக்கலாமே. நான் ரெண்டாவதும் வாங்கித் திண்டுகொண்டு நிண்டனான்."

"பசியோட வந்த ஆளை எப்பிடி அக்கா," என்றார். வேகம் மட்டும் பலகையில் போட்ட வேகம்தான். நான் அந்தப் பலகைகளை எல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

ரண்டர்ஸ் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்ததும் யோகன் தேவனைப் பார்த்தார். தேவன் இல்லையென்று தலையாட்டினான். அப்புறம்தான் எங்களுக்கு வரவேற்பு. என் பெட்டி எனக்கு முன்னால் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தது. கம்பளி அம்மாள் அதை இறக்கி, ரயில் மேடையில் நின்றவர்களில் தமிழரைப்போல் தெரிந்த ஒரே ஆளான என் தம்பியிடம் ஒப்படைத்து, அவனிடமும் ஒரு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"பெட்டி வந்திட்டுது, அக்காவைக் காணேல்லை. நான் என்னெண்டு நினைக்கிறது?" என்றான் சிவா. "மிட்டாய் தந்தவவா?" என்றேன். அவன் முகத்தைச் சுளித்த விதத்தில் அவனும் தின்றிருக்கிறான் என்று தெரிந்தது.

முன்பு அங்கே இருந்த மற்ற இருவரும் மனைவிமாரோடு வந்திருந்தார்கள். கடைசிச் சனி என்பதால் ஆளுக்கொரு சட்டி. வறுத்த கோதுமைமாப் புட்டு, லீக்ஸ் போட்ட கறி, உறைந்த மீனில் ஒரு குழம்பு. தேங்காய்த்தூளைப் பாலில் ஊறவைத்துச் சம்பல் செய்திருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து மதராஸ் கறிவேப்பிலையை எடுத்ததும் இரண்டு பெண்களும் அதை முகத்தில் வைத்துக்கொண்டார்கள். நான் திருப்தியாகச் சாப்பிட்டேன். சொசேச் கணக்கில் வராது.

தொலைபேசி வீட்டு நடைவழியில் ஒரு முக்காலியின் மேல், பின்னல் விரிப்புப் போட்டு, சாமி படம்போல இருந்தது. சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் அதைப் பார்க்கிறமாதிரி உட்கார்ந்தார்கள். "இண்டைக்கு எழுதினவவே வாசிக்கட்டும்," என்றான் தேவன். அச்சாகாத கதையை எடுத்தேன்.

உயரமான ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவனின் கதை. தினமும் காலையில் ஒரு பெண் அவனுடைய லிஃப்டில் ஏறி, ஆட்கள் எல்லாம் இறங்கிய பிறகும் இருந்து, உச்சி மாடியில் இறங்குவாள். மாலையில் மட்டும் அவள் லிஃப்டில் இறங்குவதே இல்லை. அது ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. பெயர் கேட்க நினைப்பான். கேட்பதற்குள் உச்சி மாடி வந்துவிடும். பாதி வாசிப்பில் தொலைபேசி அடித்தது. எல்லோருடைய தலையும் திரும்பியது. தேவனுக்கு. அவன் நடைவழிக்கு ஓட, சிவா எனக்குக் கையைக் காட்டினான். வாசிப்பு நிற்காது என்பது சட்டம். யோகன் மட்டும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தேவனுக்கு முடிவு சொல்லும் பொறுப்பு அவருடையது.

ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிடுகிறது. உள்ளே அவனும் அவளும். அவன் தொப்பியைக் கழற்றுகிறான். நான் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கம் இல்லை.

பையைக் கவிழ்த்தேன். பெட்டிக்குள் தேடினேன். இல்லை.

"நீங்கள்தானே எழுதினது, வாயால சொல்லுங்கோ," என்றான் சிவா. எனக்கு அது மானப் பிரச்சினை. கடைசி வரிக்குச் சரியான சொல் அமைய ஒரு வாரம் மண்டையை உடைத்திருக்கிறேன். அதை ஏனோதானோ என்று சொல்லமாட்டேன் என்றேன். "வாசிக்கோணும். இல்லாட்டி வேண்டாம்."

"காரில விழுந்திருக்கும் அக்கா, டிராக்டரடியில கொட்டினீங்களே," என்று யோகன் எழுந்தார். தேவன் பேசிமுடித்து வந்துகொண்டிருந்தான். "மச்சான், நீ இரு, நான் போறன்," என்றான். "உனக்கு என்ன பக்கம் எண்டு தெரியாது," என்று சொல்லிவிட்டு யோகன் சாவியோடு படியிறங்கினார். கார் நின்ற இடம் வாசலுக்கு மறுபக்கம், பால்கனிக்குக் கீழே.

அவர் போனதும் தொலைபேசி அடித்தது.

சிவா எடுத்தான். "ஹலோ… ஓம்… ஆர்? ஆர் கதைக்கிறது?" அவன் முகம் மாறியது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தான். "மலர்," என்றான்.

தேவன் பால்கனிக்குப் பாய்ந்தான். கீழே யோகன் காருக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். தேவன் கத்தினான், மற்ற இருவரும் கத்தினார்கள், மூன்று பேரும் ஒன்றாகக் கத்தியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. யோகன் நிமிர்ந்து, ஒரு தாளைக் கையில் தூக்கிக் காட்டி ஆட்டினார். "இருக்கு, இருக்கு. கொண்டு வாறன்." காரை ஒழுங்காகப் பூட்டினார். கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்தும் பார்த்தார். டென்மார்க்கில், பிள்ளையைத் தெருவில் விடுகிற நாட்டில்.

இங்கே சிவா ஒருநாளும் கண்டிராத மனுஷியை லைனில் பிடித்துவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். "தங்கச்சி, வைச்சிராதேங்கோ. அவர் கீழ நிக்கிறார். இந்தா வாறார், படியில வாறார்." அவனுக்குச் சொல்ல வேறு ஒன்றும் அகப்படவில்லை. ஒரு பெண் பறித்து, "பிள்ளை, சாப்பிட்டீங்களா? அங்க மழையா?" என்றாள். அவளிடமிருந்து மற்றவள் வாங்கி, இங்கே நல்ல கம்பளி உடுப்பு எந்தக் கடையில் என்று சொல்லத் தொடங்கினாள். கடைசியில் தொலைபேசி என் கைக்கு வந்தது. மொழியைப் படிப்பித்தே தலை நரைத்தவள் நான். "சுகமா?" என்றேன். மறுமுனையில் ஒரு மெல்லிய குரல், "நீங்க ஆரு?" என்றது. "கதை எழுதிறவ," என்றேன். அவள் என்ன நினைத்தாளோ.

யோகனைக் காணவில்லை. தேவன் படியில் இறங்கி ஓடினான். இரண்டாவது மாடி வளைவில் மனுஷன் ஆற அமர நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் என் கடைசிப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாராம். தேவன் அவரை இழுத்துக்கொண்டு வந்து நடைவழியில் விட்டான். நான் தொலைபேசியை நீட்டினேன். ஒருவரும் பெயரைச் சொல்லவில்லை. அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார், பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"ஹலோ," என்றார். "நான்தான்," என்றார். "எங்க நிக்கிறாய்? … கொழும்பிலயா? … ஆரோட வந்தாய்?"

நாங்கள் எல்லோரும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். காதில் விழாமல் இருப்பதற்காகத் தேவன் தண்ணீர்க் குழாயை முழுவதும் திறந்துவிட்டு, கழுவிய சட்டிகளை மறுபடி கழுவினான். ஆளாளுக்குச் சத்தம் செய்தோம். அப்படியும் யோகன் தன் பிராண்டே இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொல்வதும், நிறுத்துவதும், "இப்ப நீ சொல்லு," என்பதும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவளுக்கும் வந்தது. சிவா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த மாதம் வரப்போகிறவர்கள் அவனுக்கும் இருந்தார்கள்.

யோகன் உள்ளே வந்தபோது என் கடைசிப் பக்கம் அவர் கையில் நாலாக, எட்டாக மடிந்து, நனைந்து, பேனா மை எல்லாம் ஊறி, விரித்தாலும் வாசிக்க முடியாத நிலையில் இருந்தது. "மன்னிச்சிருங்க அக்கா," என்று நீட்டினார். ஒரு வாரம் மண்டையை உடைத்த கடைசி வரி. பரவாயில்லை என்றேன், உண்மையாகவே பரவாயில்லாமல் இருந்தது. முடிவு என்ன என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த நாட்கள் விபோர்க்கில் திரைச்சீலையோடு போயின. டென்மார்க்கில் ஜன்னல்கள் எல்லாம் என் அளவுக்கு மீறியவை. தம்பி ஏணியில் நிற்க, நான் கீழே நின்று இடது பக்கம் தாழ்ந்துவிட்டது, வலது பக்கம் தாழ்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மனுஷர் எங்கள் சத்தத்தைக் கேட்டு வந்து, ஒரு சொல் பேசாமல் இரண்டையும் நேராக்கிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். இடையில் பிராண்டேயிலிருந்து யோகன் தொலைபேசினார். மலர் அந்த இலக்கத்துக்கே எடுத்துப் பேசினாளாம், வெள்ளிக்கிழமையில்.

நான் திரும்பும் நாள் வந்தது. என்னை நம்பி ரயிலில் ஏற்ற ஒருவரும் தயாராக இல்லை. அதற்குமேல் ரயில் மாறவேண்டாத இடம்வரை தானே கொண்டுபோய், சரியான பெட்டியில் உட்காரவைத்து, ரயில் புறப்பட்ட பிறகுதான் திரும்புவேன் என்று யோகன் வந்துவிட்டார். அதே சிவப்புக் கார், அதே வேகம். வழியில் சொசேச் வண்டியைக் கண்டதும் அவராகவே நிறுத்தினார். இந்த முறை அவரும் சாப்பிட்டார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த முடிவை வாசித்த ஒரே ஆள் அவர். இனி வேறு யாரும் என் கையெழுத்தில் வாசிக்கப்போவதும் இல்லை. காரில் ஏறியதும் கேட்டேவிட்டேன்.

"படியில நிண்டு வாசிச்சனீங்களே. முடிவு எப்பிடி இருந்தது?"

யோகன் யோசித்தார். என் மனம் புண்படக் கூடாது என்று சொல்லைத் தேடுவது தெரிந்தது. "எழுத்து நல்லா இருக்கு அக்கா. ஆனா அவட வேலை மூண்டாம் மாடியில எண்டு போட்டிருக்கிறீங்க. அவனுக்குப் பக்கத்தில நிக்கிறதுக்காக ஒவ்வொரு நாளும் உச்சி மாடி மட்டும் போய், மறுகா படியில நடந்து இறங்கி வாறா. எவ்வளவு வருசமா." தலையை ஆட்டினார். "கதைக்குச் சரி. உண்மையில ஆரும் அப்பிடிச் செய்வினமா அக்கா?"

பிராண்டேக்கும் ரண்டர்ஸுக்குமாகச் சனி தவறாமல் ஓடிய அந்தக் காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்து, மெல்ல ரோட்டில் ஏற்றினார்.